புதன்கிழமைக்குள் அட்வான்ஸ் கட்ட வேண்டாம்

கேள்வி: என் அப்பாவுக்கு 66 வயது. தாராவியில் தோல் பட்டறையில் நாற்பது ஆண்டுகள் உழைத்தவர். இப்போது எங்களோடு செம்பூரில் இருக்கிறார். மூன்று வாரங்களுக்கு முன் பயாப்ஸி என்ற திசுப் பரிசோதனையில் புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் என்று தெரிந்தது. பி.எஸ்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை எண் 8.6, நோயின் தீவிரத்தைக் காட்டும் கிளீசன் எண் 3+4. ஸ்கேனில் வேறு எங்கும் பரவவில்லை. சிறு துளைகள் வழியாக ரோபோ மூலம் அறுவை செய்யலாம் என்று மருத்துவர் சொன்னார். தனி அறையில் ரூ.6,40,000 ஆகும் என்று எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார்கள். அதே மருத்துவமனையில் வயிற்றைத் திறந்து செய்தால், இருவர் தங்கும் அறையில் ரூ.3,10,000. எங்களிடம் 2020இல் எடுத்த ஆரோக்கிய சஞ்ஜீவனி மருத்துவக் காப்பீட்டுப் பாலிசி ரூ.5 லட்சத்துக்கு இருக்கிறது. பக்கங்களின் நகலை இணைத்துள்ளேன். 'வெள்ளிக்கிழமை ரோபோ காலியாக இருக்கிறது, புதன்கிழமைக்குள் ஒரு லட்சம் அட்வான்ஸ் கட்டினால் ரூ.25,000 தள்ளுபடி' என்று அங்குள்ள கோ-ஆர்டினேட்டர் தினமும் போன் செய்கிறார். அப்பாவோ, 'இந்த வயதில் எனக்கெதற்கு இத்தனை செலவு, ஊர் வயலை விற்றுவிடாதே' என்கிறார். அம்மா வளையல்களைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டார். நாங்கள் என்ன செய்வது, ஐயா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, செம்பூர், மும்பை

பதில்:

அன்புள்ள சகோதரி,

முதலில் அம்மாவிடம் வளையல்களைத் திரும்பப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். இன்றைக்கு அவற்றுக்கு வேலை இல்லை.

நான் மருத்துவன் அல்ல. இந்த நகரத்தின் ஒரு பெரிய மருத்துவமனையில் 22 ஆண்டுகள் பில்லிங் பிரிவில் இருந்தவன். உங்களுக்கு வந்திருப்பது போன்ற எஸ்டிமேட்டுகளை ஆயிரக்கணக்கில் தட்டச்சு செய்த கை இது. எனவே எந்தச் சிகிச்சை நல்லது என்ற தீர்ப்பை என்னிடம் எதிர்பார்க்காதீர்கள். எந்தக் கேள்வியை எந்த மேசையில் கேட்பது, பணம் எந்த வரியில் கசிகிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

அந்தக் கோ-ஆர்டினேட்டர் ஏன் தினமும் அழைக்கிறார் தெரியுமா? ரோபோ இயந்திரத்தின் விலை கோடிகளில். அதற்கு ஆண்டுதோறும் பராமரிப்புக் கட்டணம் வேறு. அதன் கைகளில் மாட்டும் கருவிகளுக்குள் ஒரு சில்லு இருக்கும். இத்தனை முறை பயன்படுத்தியாகிவிட்டது என்று அது எண்ணிக்கொண்டே வரும், கணக்கு முடிந்ததும் இயந்திரம் அந்தக் கருவியை ஏற்க மறுத்துவிடும். இத்தனையையும் அறுவை செய்துகொள்பவர்களின் தலையில் பங்கு போட்டாக வேண்டும். ரோபோ சும்மா நிற்கும் வெள்ளிக்கிழமை மருத்துவமனைக்கு நஷ்டம். ஆகவே அந்த அவசரம் இயந்திரத்தின் அவசரம். உங்கள் அப்பாவின் நோய்க்கு அந்த அவசரம் கிடையாது.

இதைத் தைரியமாகச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது. பயாப்ஸி ஊசி குத்திய இடத்தின் வீக்கமும் ரத்தக்கட்டும் அடங்கட்டும் என்று அறுவை மருத்துவர்களே பல வாரங்கள் காத்திருப்பது வழக்கம். ஆறு வாரம் என்று சொல்பவர்கள் அதிகம். உங்களுக்கு மூன்று வாரம்தான் ஆகியிருக்கிறது. அடுத்து, பிரிட்டனில் நடந்த 'புரொடெக்ட்' ஆய்வைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். சுரப்பிக்குள் அடங்கிய புற்றுநோய் கொண்ட, 50 முதல் 69 வயது வரையிலான 1,643 ஆண்களை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு அறுவை, இன்னொன்றுக்குக் கதிர்வீச்சு, மூன்றாவதற்குத் தொடர் கண்காணிப்பு, தேவைப்பட்டால் பிறகு சிகிச்சை. 15 ஆண்டுத் தொடர்ச்சியின் முடிவு 2023இல் வெளிவந்தது. எந்தப் பிரிவிலும் இந்தப் புற்றுநோயால் இறந்தவர்கள் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர்தான். அதில் இருந்தவர்களில் பெரும்பாலோர் உங்கள் அப்பாவைவிட லேசான நோய் உள்ளவர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவருக்குச் சும்மா இருப்பது பொருந்துமா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் இரண்டு வாரம் விசாரித்துவிட்டு முடிவெடுப்பதால் குடி மூழ்கிவிடாது. 'இந்த வயதில் எதற்கு' என்று சொல்லும் அப்பாவிடமும் இதே கணக்கைச் சொல்லுங்கள். 66 வயதுக்காரருக்கு முன்னால் நிறைய ஆண்டுகள் இருக்கின்றன. சிகிச்சை வேண்டும்தான். இந்த விலையில் வேண்டுமா என்பதுதான் கேள்வி.

இனி உங்கள் பாலிசி. நீங்கள் அனுப்பிய பக்கங்களை இரண்டு முறை படித்தேன். அதில் மூன்று வரிகளின் கீழே பென்சிலால் கோடு போடுங்கள். அறை வாடகை நாளுக்கு அதிகபட்சம் ரூ.5,000. ஒவ்வொரு க்ளெய்மிலும் 5 சதவீதம் உங்கள் பங்கு. ரோபோ அறுவை உட்பட 'நவீன சிகிச்சைகள்' என்ற பட்டியலில் உள்ளவற்றுக்குக் காப்பீட்டுத் தொகையில் 50 சதவீதம் மட்டும்.

மூன்றாவது வரிதான் உங்கள் ஊர் வயலை விற்கவைக்கும் வரி. ரோபோ அறுவையைக் காப்பீட்டு நிறுவனங்கள் அடியோடு ஒதுக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் விதி செய்தது நல்ல காரியம். ஆனால் உச்சவரம்பு வைத்துக்கொள்ளலாம் என்றும் விட்டுவிட்டது. எனவே 5 லட்சம் பாலிசி, ரோபோ என்ற சொல் பில்லில் ஏறிய நொடியில், 2.5 லட்சம் பாலிசி ஆகிவிடுகிறது. 6,40,000இல் 2,50,000 போனால் மிச்சம் 3,90,000. கோ-ஆர்டினேட்டர் பெருமையாகச் சொல்லும் தள்ளுபடியைக் கழித்தாலும் 3,65,000 உங்கள் கையிலிருந்து. 2,50,000இல் உங்கள் 5 சதவீதப் பங்கான 12,500ஐயும் சேர்த்தால் 3,77,500.

திறந்த அறுவை அந்தப் பட்டியலில் இல்லை. ரோபோ இல்லாமல், சிறு துளைகள் வழியாகக் கையால் கருவிகளை இயக்கும் லேப்ராஸ்கோபியும் இல்லை. 3,10,000 எஸ்டிமேட்டில் காப்பீடு தராத உதிரிகளுக்கு 15,000 என்று வைத்துக்கொள்வோம். மீதி 2,95,000க்கு 5 சதவீதம் ரூ.14,750. ஆக உங்கள் செலவு சுமார் முப்பதாயிரம். ஒரே மருத்துவமனை, ஒரே நோயாளி, ஒரே சுரப்பி. ஒரு வழியில் முப்பதாயிரம், இன்னொரு வழியில் மூன்றேமுக்கால் லட்சம் சுமார். இந்த இரண்டு எண்களையும் யாராவது உங்களிடம் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டினார்களா? காட்டியிருக்க மாட்டார்கள். நானும் அந்த நாற்காலியில் இருந்தபோது காட்டியதில்லை. கேட்டால் சொல், கேட்காவிட்டால் சொல்லாதே என்பதுதான் எங்களுக்குக் கற்றுத் தந்த மரியாதை.

அறை விஷயம் இதைவிட நுட்பமானது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். தனியார் மருத்துவமனைகளில் அறை என்பது வெறும் கட்டிலும் ஜன்னலும் அல்ல. அது ஒரு விலைப்படி. தனி அறைக்குப் போனால் அறுவை மருத்துவரின் கட்டணம், மயக்க மருந்து நிபுணரின் கட்டணம், தியேட்டர் வாடகை எல்லாம் அந்தப் படியில் ஏறிவிடும். அதே ஆள், அதே கத்தி, அதே இரண்டரை மணி நேரம். உங்கள் எஸ்டிமேட்டில் தனி அறை நாளுக்கு ரூ.9,000. பாலிசி தருவது 5,000. 'மிச்சம் நாலாயிரம்தானே, கையிலிருந்து கொடுத்துக்கொள்ளலாம்' என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அங்கேதான் வழுக்குகிறது. அறையோடு சேர்ந்து ஏறும் கட்டணங்கள் அனைத்தையும் காப்பீட்டு நிறுவனம் ஒன்பதுக்கு ஐந்து என்ற விகிதத்தில் வெட்டும். அவை 2,70,000 என்றால் 1,50,000ஐத்தான் ஒப்புக்கொள்ளும். 1,20,000 உங்கள் தலையில். மருந்து, பரிசோதனை, கருவிகள், ஐ.சி.யூ. ஆகியவற்றில் இந்த வெட்டு கூடாது என்று 2020ஆம் ஆண்டு விதி சொல்கிறது. அறைக்கு ஏற்ப விலை மாற்றாத மருத்துவமனையிலும் கூடாது. செட்டில்மென்ட் கடிதத்தில் அப்படி வெட்டியிருந்தால் விடாதீர்கள். ஐயாயிரத்துக்கு மேற்பட்ட அறைக்கு 2022 ஜூலை முதல் 5 சதவீதம் ஜி.எஸ்.டி. வேறு உண்டு. நாளுக்கு 450 ரூபாய். பில்லில் அதைப் பார்த்துத் திகைக்க வேண்டாம்.

ஆகவே எந்த அறுவையானாலும் இருவர் அறை கேளுங்கள். அப்பா மூன்று நான்கு இரவுகள்தான் அங்கே இருக்கப்போகிறார். பக்கத்துக் கட்டில்காரரோடு பேசிப் பொழுதும் போகும்.

சரி, ரோபோவால் பயனே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. ரத்த இழப்பு குறைவு, வீட்டுக்குச் சீக்கிரம் வரலாம், தழும்பு சிறிது. ஆனால் ஆண்கள் உண்மையில் பயப்படுவது சிறுநீர்க் கட்டுப்பாட்டையும் தாம்பத்தியத்தையும் பற்றி. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் முந்நூறுக்கும் மேற்பட்டவர்களைச் சீட்டுக் குலுக்கியதுபோல் பிரித்து, பாதிப் பேருக்கு ரோபோ, பாதிப் பேருக்குத் திறந்த அறுவை என்று செய்து பார்த்தார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து இந்த இரண்டிலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அங்கே ஒரு பிரிவுக்கு ஒரே ஒரு அறுவை மருத்துவர்தான். திறந்த அறுவைக்காரர் அனுபவத்தில் மூத்தவர். அதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது, இயந்திரத்தைவிடக் கை முக்கியம் என்பதை. இது உங்களுக்கு எதிராகவும் திரும்பலாம். இன்றைய இளம் மருத்துவர்கள் பலர் ரோபோவிலேயே பழகியவர்கள், திறந்த அறுவையை அரிதாகச் செய்பவர்கள். அப்படிப்பட்டவரிடம் போய் 'எனக்கு மலிவானது போதும்' என்று கட்டாயப்படுத்துவதும் புத்திசாலித்தனம் அல்ல. 'நீங்கள் போன ஆண்டு எந்த முறையில் எத்தனை புராஸ்டேட் அறுவை செய்தீர்கள்?' என்று நேராகக் கேளுங்கள். முகம் சுளிக்காமல் எண் சொல்பவர் நல்ல மருத்துவர்.

இன்னொரு மேசைக்கும் நீங்கள் போகவே இல்லை என்று கடிதத்திலிருந்து தெரிகிறது. கதிர்வீச்சு நிபுணரின் மேசை. அறுவை மருத்துவரிடம் போனால் அறுவையைப் பற்றித்தான் பேச்சு வரும். அது அவர் குற்றமல்ல. சுரப்பிக்குள் அடங்கிய, நடுத்தர அபாயம் வரையிலான நோய்க்கு ஐந்தே அமர்வுகளில் முடியும் துல்லியக் கதிர்வீச்சு இப்போது இருக்கிறது. 874 பேரைக் கொண்ட 'பேஸ்-பி' ஆய்வு 2024இல் வெளிவந்தது. ஐந்து ஆண்டுகளில் நோய் திரும்பாதவர்கள் ஐந்து அமர்வு முறையில் நூற்றுக்கு 95.8, நான்கு முதல் எட்டு வாரங்கள் நீளும் வழக்கமான முறையில் 94.6. வயிற்றில் துளைகூடப் போடாத சிகிச்சை அது. சிறுநீர் எரிச்சல் போன்ற தொல்லைகள் அதற்கும் உண்டு, அதையும் கேளுங்கள். பாலிசியின் 'நவீன' பட்டியலில் இதுவும் 50 சதவீத வரம்புக்குள் வருமா என்று காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் வாங்குங்கள். உங்கள் உறவினர் யாராவது 'ஒலி அலையால் சுட்டுவிடலாம், கத்தியே வேண்டாம்' என்றும் சொல்லக்கூடும். அது எல்லோருக்கும் பொருந்தாது. நீண்ட காலத் தரவுகளும் அறுவைக்கும் கதிர்வீச்சுக்கும் இருக்கும் அளவுக்கு அதற்கு இல்லை.

மும்பையில் இருந்துகொண்டு பரேலுக்குப் போகாமல் முடிவெடுக்கலாமா? டாடா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை 1941 முதல் அங்கே நிற்கிறது. திருநெல்வேலியிலிருந்தும் கோரக்பூரிலிருந்தும் ரயிலேறி வந்து நடைபாதையில் படுத்துக் காத்திருக்கிறார்கள். நீங்கள் செம்பூரிலிருந்து ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். பொதுப் பிரிவு, தனிப் பிரிவு என்று இரண்டு உண்டு. பொதுப் பிரிவின் கட்டணம் தனியார் மருத்துவமனையோடு ஒப்பிடவே முடியாத அளவு குறைவு. அறுவை, கதிர்வீச்சு, மருந்து மூன்று துறையினரும் ஒரே கோப்பைப் பார்ப்பார்கள் என்பது கட்டணத்தைவிடப் பெரிய லாபம். கூட்டம் இருக்கும், காலையில் ஏழு மணிக்கே வரிசை நீளும், தேதி கிடைக்கத் தாமதமாகும். பயாப்ஸித் துண்டுகளையும் திசுவைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டிகளையும் நீங்கள் இப்போதுள்ள மருத்துவமனையிலிருந்து கேட்டு வாங்கிக் கொண்டுபோங்கள். அங்கே மறுபடி பார்ப்பார்கள். சில நேரம் கிளீசன் எண்ணே மாறும்.

உங்கள் வீட்டில் ரேஷன் கார்டு எந்த நிறம் என்று நீங்கள் எழுதவில்லை. மகாத்மா ஜோதிராவ் புலே ஜன் ஆரோக்கிய திட்டம் முன்பு மஞ்சள், ஆரஞ்சு கார்டுகளுக்கு மட்டும் என்றிருந்தது. இப்போது வெள்ளைக் கார்டுக்கும் உண்டு, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. நம் தமிழ்க் குடும்பங்கள் பல, 'அது மராட்டியர்களுக்கு' என்று நினைத்து விசாரிப்பதே இல்லை. தவறு. இந்த மாநிலத்தின் ரேஷன் கார்டு போதும். திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் ஆரோக்கியமித்ரா என்று ஒருவர் தனி மேசையில் இருப்பார். அப்பாவுக்கு வேண்டிய சிகிச்சை அங்கே திட்டத்தில் இருக்கிறதா என்று அவரிடமே கேளுங்கள்.

அடுத்தது உங்களுக்குப் பொருந்தாது என்று நினைக்கிறேன், ஆனாலும் இதைப் படிக்கும் வேறு யாருக்காவது உதவும். மும்பையின் பளபளப்பான மருத்துவமனைகளில் பல, சட்டப்படி அறக்கட்டளைகள். மகாராஷ்டிரப் பொது அறக்கட்டளைச் சட்டத்தின் 41ஏஏ பிரிவும், 2006இல் மும்பை உயர் நீதிமன்றம் ஏற்ற திட்டமும் அவற்றைக் கட்டுப்படுத்துகின்றன. 10 சதவீதப் படுக்கைகள் பரம ஏழைகளுக்கு இலவசம்; இன்னொரு 10 சதவீதம் நலிந்தவர்களுக்குச் சலுகைக் கட்டணத்தில். ஆண்டு வருமான வரம்பு முறையே 1.8 லட்சமும் 3.6 லட்சமும். சமூகப் பணியாளரின் அறையைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் கால் வலிக்கும். நான் வேலை பார்த்த இடத்தில் அது பிணவறைக்குப் போகும் தாழ்வாரத்தில் இருந்தது.

இப்போது எஸ்டிமேட்டுக்குத் திரும்புவோம். அந்த ஒரே பக்கத் தாளை வைத்துக்கொண்டு எதையும் பேச முடியாது. 'பேக்கேஜ்' என்று எழுதிய தாளில் முக்கியமானது அடியில் பொடி எழுத்தில் இருக்கும். அகற்றிய சுரப்பியின் பயாப்ஸி அறிக்கை உள்ளே சேர்ந்ததா? நிணநீர் முடிச்சுகளை எடுத்தால் தனிக் கட்டணமா? ரோபோவில் தொடங்கிப் பாதியில் வயிற்றைத் திறக்க நேர்ந்தால் ரோபோ கட்டணம் திரும்பி வருமா? ஒரு நாள் கூடுதலாக இருந்தால் என்ன? ரத்தம்? எந்த நிறுவனத்தின் ரோபோ? வெளிநாட்டு டாவின்சியா, குருகிராமில் தயாராகும் எஸ்.எஸ்.ஐ. மந்த்ராவா? இவற்றுக்கு எழுத்தில் பதில் வேண்டும் என்று கேளுங்கள். இன்னொன்று: காப்பீட்டு நோயாளிக்கு நிறுவனத்தோடு ஒப்பந்தமான விலை வேறு, ரொக்க நோயாளிக்கு விலை வேறு. உங்கள் தாளில் இருப்பது எது என்று கேட்டுப் பாருங்கள். கையுறை, முகக்கவசம் போன்று 68 பொருள்களுக்குக் காப்பீடு தராமலிருக்கலாம் என்று ஒரு பட்டியல் உண்டு; அதையும் கேட்டால் தருவார்கள்.

பயாப்ஸிக்கும் ஸ்கேனுக்கும் செலவான பில்கள் பத்திரமாக இருக்கட்டும். அனுமதிக்கு முந்தைய 30 நாள் செலவுகளை இந்தப் பாலிசி ஏற்கும். 'அந்த 30 நாள் போய்விடுமே' என்று கோ-ஆர்டினேட்டர் பயமுறுத்தினால், சில ஆயிரங்களைக் காப்பாற்ற லட்சங்களைக் கொட்ட மாட்டேன் என்று சொல்லுங்கள். அனுமதிக்குப் பிந்தைய 60 நாளும் பாலிசியில் உண்டு. சிறுநீர்க் குழாயை எடுப்பது, முதல் பி.எஸ்.ஏ. சோதனை எல்லாம் அதற்குள் வந்துவிடும்.

எஸ்டிமேட்டில் வராத செலவு ஒன்று இருக்கிறது. அறுவைக்குப் பின் பல ஆண்களுக்குச் சில மாதங்கள் சிறுநீர் கசியும். பெரியவர்களுக்கான டயப்பர், இடுப்புத் தசைப் பயிற்சிக்கு பிசியோதெரபி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை, சிலருக்குப் பிற்பாடு கதிர்வீச்சு. இதற்குக் கையில் பணம் மிச்சம் இருக்க வேண்டும் என்பதற்காகவே முதல் நாளில் எல்லாவற்றையும் கொட்ட வேண்டாம் என்கிறேன். தாம்பத்தியத்தைப் பற்றி அப்பா உங்கள் முன்னால் வாய் திறக்க மாட்டார். 'எனக்கெதற்குச் செலவு' என்பதற்கு உள்ளே அந்தப் பயமும் இருக்கலாம். உங்கள் தாய்மாமாவையோ சித்தப்பாவையோ துணைக்கு அனுப்பி, அப்பா மருத்துவரோடு கதவைச் சாத்திக்கொண்டு பத்து நிமிடம் பேசட்டும். எந்தத் தொல்லையோடு வாழ முடியும், எதோடு முடியாது என்று அவர் சொன்ன பிறகு, சிகிச்சையைத் தேர்ந்தெடுப்பது பாதி முடிந்துவிடும்.

முடிவெடுத்த பின், அனுமதிக்குக் குறைந்தது 48 மணி நேரம் முன்னதாகக் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் போக வேண்டும். கேஷ்லெஸ் எனப்படும் பணமில்லாச் சிகிச்சைக்கான அனுமதியை ஒரு மணி நேரத்திலும், டிஸ்சார்ஜ் அனுமதியை மூன்று மணி நேரத்திலும் தர வேண்டும் என்பது 2024 விதி. ஐந்தாண்டாக க்ளெய்ம் இல்லை என்றால் ஆண்டுக்கு 5 சதவீதம் போனஸ் சேர்ந்திருக்கும். 50 சதவீத வரம்பை அதையும் சேர்த்துக் கணக்கிடுவார்களா என்று மின்னஞ்சலில் கேட்டு வையுங்கள். அநியாயமாக வெட்டினால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்துப் புகார். 30 நாளில் பதில் இல்லாவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ, உங்கள் பகுதிக்கான காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகம் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.

நாளைக் காலை அந்தப் போன் வந்தால், 'கதிர்வீச்சு நிபுணரைப் பார்த்த பிறகு சொல்கிறோம், அதற்குள் இருவர் அறையில் ரோபோ, திறந்த அறுவை, லேப்ராஸ்கோபி ஆகிய மூன்று முறைகளுக்கும் வரிவரியாகப் பிரித்த எஸ்டிமேட் அனுப்புங்கள்' என்று மட்டும் சொல்லுங்கள். தள்ளுபடி அடுத்த வாரமும் இருக்கும். நானே எத்தனையோ முறை நீட்டித்திருக்கிறேன். அந்தத் தாள்கள் வந்ததும் நகல் எடுத்து எனக்கு அனுப்புங்கள். 'இதர கட்டணங்கள்' என்று ஒரு வரி இருந்தால் அதைச் சிவப்பு மையால் வட்டமிட்டு அனுப்புங்கள்.